நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2022-ஆம் ஆண்டு நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அணி 23 ஆண்டுகளுக்குப் பிறகு பிரீமியர் லீக்குக்குத் திரும்பியது. அதற்குப் பின் ஆங்கிலக் கால்பந்தைப் பார்க்கத் தொடங்கிய பலருக்கு இந்த அணி புதிய பெயர். அவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சிலவற்றுக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். சிலவற்றுக்கு அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சட்டையில் மரச் சின்னத்துக்கு மேலே இரண்டு நட்சத்திரங்கள் எதற்கு?

இரண்டு ஐரோப்பியக் கோப்பைகளுக்காக. இன்று சாம்பியன்ஸ் லீக் என்று அழைக்கப்படும் கோப்பையின் பழைய பெயர் அது. 1979-இலும் 1980-இலும், அடுத்தடுத்த ஆண்டுகளில், ஃபாரஸ்ட் அதை வென்றது. இங்கிலாந்தின் லீக் பட்டத்தையோ ஒரே ஒரு முறைதான், 1977-78 பருவத்தில், வென்றிருக்கிறது. சொந்த நாட்டு லீக்கைவிட ஐரோப்பியக் கோப்பையை அதிக முறை வென்ற கிளப் இது ஒன்றுதான். இந்த ஒரு செய்தியைக் கேட்டுத்தான் நான் இந்த அணியின் கதையைத் தேடத் தொடங்கினேன்.

ஃபாரஸ்ட் என்றால் ராபின் ஹுட்டின் ஷெர்வுட் காடுதானா?

நேரடியாக அல்ல. 1865-இல் ஷேக்ஸ்பியர் தெருவில் இருந்த கிளின்டன் ஆர்ம்ஸ் என்ற விடுதியில் சில இளைஞர்கள் கூடினார்கள். வளைந்த மட்டையால் ஆடும், ஹாக்கிக்கு உறவான ஷின்னி என்ற ஆட்டத்தை ஆடிவந்தவர்கள் அவர்கள். இனிமேல் கால்பந்து ஆடுவோம் என்று அன்று முடிவெடுத்தார்கள். அவர்கள் ஆடிவந்த திடலின் பெயர் ஃபாரஸ்ட் ரெக்ரியேஷன் கிரவுண்ட்; கிளப்பின் பெயர் அதிலிருந்து வந்தது. அந்தத் திடல் ஒரு காலத்தில் ஷெர்வுட் காட்டின் தென்கோடியாக இருந்தது என்பதால், சுற்றி வந்தால் ராபின் ஹுட்டையும் தொட்டுவிடலாம்.

அதே கூட்டத்தில் ஒரு டஜன் சிவப்புத் தொப்பிகள் வாங்கவும் தீர்மானித்தார்கள். இத்தாலியில் செஞ்சட்டைப் படையுடன் போரிட்ட கரிபால்டியின் புகழ் அன்று இங்கிலாந்தெங்கும் பரவியிருந்தது. அதனால்தான் ஃபாரஸ்டின் நிறத்தை இன்றும் கரிபால்டி சிவப்பு என்கிறார்கள்.

ஆர்சனலுக்குச் சிவப்புச் சட்டை கொடுத்தது ஃபாரஸ்ட் என்பது உண்மையா?

உண்மை. 1886-இல் லண்டனின் வூல்விச் ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஓர் அணியைத் தொடங்கினார்கள்; அதுதான் பின்னாளில் ஆர்சனல். அவர்களில் ஃபிரெட் பியர்ட்ஸ்லி முதலிய சிலர் முன்பு ஃபாரஸ்டுக்கு ஆடியவர்கள். கையில் பணம் இல்லாததால் பழைய கிளப்புக்குக் கடிதம் எழுதினார்கள். ஃபாரஸ்ட் ஒரு தொகுதி சிவப்புச் சட்டைகளையும் ஒரு பந்தையும் அனுப்பிவைத்தது. ஆர்சனல் இன்றுவரை சிவப்பில் ஆடுகிறது.

நாட்ஸ் ஃபாரஸ்ட் என்று சுருக்கிச் சொல்லலாமா?

தயவுசெய்து வேண்டாம். நாட்ஸ் என்பது நாட்டிங்ஹாம்ஷயர் மாவட்டத்தின் சுருக்கம். அந்தச் சுருக்கம் நாட்ஸ் கவுன்டி என்ற இன்னொரு கிளப்புக்குச் சொந்தம். 1862-இல் தொடங்கிய அந்தக் கிளப்பின் மெடோ லேன் மைதானம் ட்ரென்ட் ஆற்றின் ஒரு கரையில் இருக்கிறது. ஃபாரஸ்டின் சிட்டி கிரவுண்ட் எதிர்க்கரையில் இருக்கிறது. இங்கிலாந்தின் லீக் கிளப்புகளில் இவ்வளவு அருகருகே அமைந்த மைதானங்கள் வேறு இல்லை. ஆனாலும் ஃபாரஸ்ட் ரசிகர்களின் ஜென்மப் பகை பக்கத்து நகரமான டெர்பி கவுன்டியோடுதான்.

பயிற்சியாளர் பிரையன் கிளஃப் வருவதற்கு முன் இந்தக் கிளப்புக்கு வரலாறே இல்லையா?

அப்படி நினைப்பவர்கள் நிறையப் பேர். 1898-இல் எஃப்.ஏ. கோப்பை (லீக்கிலிருந்து தனியாக நடக்கும், தோற்றால் வெளியேறும் போட்டி) இறுதியில் டெர்பியை 3-1 என வென்ற அணி இது. சில நாட்களுக்கு முன்புதான் லீக் ஆட்டத்தில் அதே டெர்பியிடம் 5-0 எனத் தோற்றிருந்தது. அந்த ஆண்டே சிட்டி கிரவுண்டுக்குக் குடிபுகுந்தது.

1959 இறுதியாட்டம் இன்னும் உருக்கமானது. லூட்டன் டவுனுக்கு எதிராக முதல் கால் மணி நேரத்துக்குள் ராய் டுவைட்டும் டாமி வில்சனும் ஆளுக்கொரு கோல் போட்டார்கள். ஆட்டத்தின் 33-ஆவது நிமிடத்தில் டுவைட்டின் கால் முறிந்தது. மாற்று ஆட்டக்காரரை இறக்க அன்று விதி கிடையாது. மீதி இருந்த கிட்டத்தட்ட ஒரு மணி நேரமும் பத்துப் பேராக நின்று 2-1 என்ற கணக்கில் கோப்பையைக் காப்பாற்றினார்கள். பாடகர் எல்டன் ஜான் இந்த டுவைட்டின் உறவினர்.

1966-67-இல் லீக்கில் இரண்டாம் இடம் கிடைத்தது. அதன் பிறகு சரிவு. 1968 ஆகஸ்டில் லீட்ஸ் அணியுடன் ஆடிக்கொண்டிருந்தபோதே பிரதான பார்வையாளர் மாடம் தீப்பிடித்து எரிந்தது. நல்லவேளையாக யாருக்கும் பெரிய காயமில்லை. 1972-இல் அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது.

12-0 என்ற வெற்றி எப்படி வந்தது?

1909 ஏப்ரல் 21. லெஸ்டர் ஃபாஸ் அணி ஏற்கெனவே தரமிறங்குவது உறுதியாகிவிட்ட நிலையில் ஆட வந்தது. ஃபாரஸ்டுக்கோ பிரிவில் நிலைக்க வெற்றி தேவை. ஆட்டம் 12-0 என முடிந்தது. வெஸ்ட், ஸ்பவுன்சர், ஹூப்பர் ஆகிய மூவரும் ஆளுக்கு மூன்று கோல் போட்டார்கள். எங்கேயோ இடிக்கிறதே என்று லீக் நிர்வாகம் விசாரித்தது. ஆட்டத்துக்குச் சற்று முன் லெஸ்டர் அணியினர் சக ஆட்டக்காரர் ஒருவரின் திருமணத்தில் விருந்துண்டு கொண்டாடியிருந்தார்கள் என்பதுதான் வெளிவந்த காரணம். இங்கிலாந்தின் முதல் பிரிவில் இதைவிடப் பெரிய வெற்றி இதுவரை இல்லை. 1892-இல் வெஸ்ட் பிராம்விச் அடித்த 12-0 இதற்குச் சமம்.

பிரையன் கிளஃப் என்னதான் செய்தார்?

1975 ஜனவரி 6-ஆம் தேதி அவர் வந்தபோது ஃபாரஸ்ட் இரண்டாம் பிரிவில் 13-ஆவது இடத்தில் இருந்தது. டெர்பிக்கு 1972-இல் லீக் பட்டம் பெற்றுத் தந்தவர், லீட்ஸ் அணியில் 44 நாட்களில் வேலையை இழந்து சில மாதங்களே ஆகியிருந்தன. 1976 கோடையில் அவருடைய பழைய துணைவர் பீட்டர் டெய்லர் வந்து சேர்ந்தார். அதிலிருந்துதான் கதை வேகமெடுக்கிறது. திறமையை மோப்பம் பிடிப்பவர் டெய்லர். பிடித்த திறமையை ஆடவைப்பவர் கிளஃப்.

1977-இல் மூன்றாம் இடம் பிடித்து, மயிரிழையில் முதல் பிரிவுக்கு ஏறினார்கள். அடுத்த பருவத்திலேயே லிவர்பூலை ஏழு புள்ளிகள் பின்னுக்குத் தள்ளி லீக் பட்டம் வென்றார்கள். 42 ஆட்டங்களில் வாங்கிய கோல்கள் வெறும் 24.

இதை அற்புதம் என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அற்புதம் என்று சொல்லிவிட்டால் அதைச் செய்தவர்களின் வேலை மறைந்துபோகிறது. பீட்டர் ஷில்டன் அன்று இங்கிலாந்தின் தலைசிறந்த கோல்கீப்பர். கோல்கீப்பருக்கு இவ்வளவு பணமா என்று மற்றவர்கள் தயங்கியபோது ஸ்டோக் சிட்டியிடமிருந்து அவரை வாங்கினார்கள். பர்மிங்ஹாமில் முன்னணியில் ஆடிய கென்னி பர்ன்ஸை நடுத் தற்காப்புக்கு மாற்றினார்கள். அந்தப் பருவத்திலேயே கால்பந்து எழுத்தாளர்கள் அவரை ஆண்டின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுத்தார்கள். தரைவிரிப்பு பதிக்கும் வேலை செய்துகொண்டு லாங் ஈட்டன் என்ற சிறிய அணிக்கு ஆடிய கேரி பர்டில்ஸை 2,000 பவுண்டுக்கு வாங்கினார்கள். பந்தைத் தரையில் வைத்து ஆடு, நடுவரோடு வாதாடாதே, உனக்குத் தெரிந்த வேலையை மட்டும் ஒழுங்காகச் செய் என்பவைதான் அங்கே பாடம்.

அந்த 42 ஆட்டச் சாதனை என்ன?

1977 நவம்பர் 26 முதல் 1978 நவம்பர் இறுதிவரை ஃபாரஸ்ட் லீக்கில் தோற்கவே இல்லை. 21 வெற்றி, 21 டிரா. அன்றைய கணக்கில் ஒரு முழுப் பருவத்துக்குச் சமமான ஆட்டங்கள். 1978 டிசம்பர் 9-இல் தன் மைதானமான ஆன்ஃபீல்டில் லிவர்பூல் 2-0 என வென்று அதை முடித்துவைத்தது. 2004 ஆகஸ்டில் ஆர்சனல் முறியடிக்கும்வரை கால் நூற்றாண்டு இந்தச் சாதனை நின்றது. இரண்டாம் பிரிவிலிருந்து ஏறி வந்த ஆறே மாதத்தில் தொடங்கிய ஓட்டம் இது என்பதை மறக்கக் கூடாது.

முதல் ஐரோப்பியக் கோப்பை எளிதாகக் கிடைத்ததா? எதிரணிகள் பலவீனமாக இருந்தன என்கிறார்களே?

இதற்கு மட்டும் நீளமாகப் பதில் சொல்கிறேன். முதல் சுற்றிலேயே எதிரே வந்தது லிவர்பூல்: முந்தைய இரண்டு ஆண்டுகளும் அதே கோப்பையை வென்ற அணி. சொந்த மைதானத்தில் பர்டில்ஸும் காலின் பாரட்டும் கோல் போட 2-0. ஆன்ஃபீல்டில் 0-0. ஐரோப்பாவின் சாம்பியன் அங்கேயே வெளியேறியது.

அடுத்து ஏ.இ.கே. ஏதென்ஸ், பிறகு சூரிச்சின் கிராஸ்ஹாப்பர். அரையிறுதியில் மேற்கு ஜெர்மனியின் சாம்பியன் கொலோன். சிட்டி கிரவுண்டில் சேறும் சகதியுமாக இருந்த ஆடுகளத்தில் 20 நிமிடங்களுக்குள் கொலோன் 2-0 என முந்தியது. பர்டில்ஸ், போயர், பாய்ந்து தலையால் முட்டிய இடது ஓர ஆட்டக்காரர் ஜான் ராபர்ட்சன் என மூவர் கோல் போட்டு 3-2 ஆக்கினார்கள். கடைசியில் மாற்று ஆட்டக்காரராக வந்த ஜப்பானின் ஒக்குதெரா 3-3 ஆக்கிவிட்டார். இரண்டு ஆட்டங்களின் மொத்தக் கோல்கள் சமமானால் வெளிமைதானத்தில் அதிக கோல் அடித்த அணிக்கே வெற்றி என்பது அன்றைய விதி. வெளிமைதானத்தில் மூன்று கோல் அடித்த கொலோன்தான் இறுதிக்குப் போகும் என்று ஊரே பேசியது. கிளஃப் மட்டும் எங்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிடாதீர்கள் என்று எச்சரித்தார். கொலோனில் இயன் போயர் கோல் போட, 1-0.

1979 மே 30, மியூனிக். எதிரே சுவீடனின் மால்மோ. டிரெவர் ஃபிரான்சிஸ் அந்த பிப்ரவரியில்தான் பர்மிங்ஹாமிலிருந்து வந்திருந்தார். பிரிட்டனில் பத்து லட்சம் பவுண்டுக்குக் கைமாறிய முதல் ஆட்டக்காரர். விதியின்படி அதுவரை ஐரோப்பிய ஆட்டங்களில் இறங்க முடியாதவருக்கு அந்த இறுதியாட்டமே முதல் ஆட்டம். இடைவேளைக்குச் சில நொடிகளே இருந்தன. இடப்பக்கம் ராபர்ட்சனிடம் பந்து வந்தது. அவர் ஓடவில்லை, இரண்டு பேரை அருகே வரவிட்டார், தோளை ஒருமுறை அசைத்தார், அவர்களுக்கு இடையே புகுந்து கோல்கோட்டுக்கு அருகிலிருந்து பந்தைத் தூக்கிப் போட்டார். பந்து எல்லார் தலைக்கும் மேலே தாண்டித் தூரக் கம்பத்தை நோக்கி வந்தது. வலது ஓரத்திலிருந்து ஓடிவந்த ஃபிரான்சிஸ் தலையால் முட்டி உள்ளே தள்ளினார். வேகத்தில் ஆடுகளத்தைத் தாண்டி, அந்தத் தடகள அரங்கின் குண்டு எறியும் வட்டத்தில் போய் விழுந்தார். 1-0. அதுவே கோப்பை.

நடுக்கள ஆட்டக்காரர்கள் மார்ட்டின் ஓநீலும் ஆர்ச்சி ஜெம்மிலும் காயத்திலிருந்து தேறியிருந்தும் அன்று வெளியே உட்கார்ந்திருந்தார்கள். ஜெம்மில் மீண்டும் ஃபாரஸ்டுக்கு ஆடவே இல்லை. அந்த வெற்றிக்கு அப்படியும் ஒரு விலை இருந்தது.

இரண்டாவது கோப்பை?

காலிறுதியில் கிழக்கு ஜெர்மனியின் டைனமோ பெர்லினிடம் சொந்த மைதானத்தில் 0-1 எனத் தோற்றார்கள். பெர்லினில் இடைவேளைக்குள்ளேயே ஃபிரான்சிஸ் இரண்டு, ராபர்ட்சன் பெனால்டியில் ஒன்று என 3-0, முடிவில் 3-1. அரையிறுதியில் அயாக்ஸ். 1980 மே 28-இல் மாட்ரிட் இறுதியாட்டத்தில் எதிரே கெவின் கீகன் ஆடிய ஹம்பர்க். ஃபிரான்சிஸ் காயத்தால் இல்லை. அவருக்குப் பதிலாக 18 வயது கேரி மில்ஸ் இறங்கினார். ராபர்ட்சன் பர்டில்ஸுடன் பந்தைக் கொடுத்து வாங்கி, உள்ளே திரும்பி, வலது காலால் தாழ்வாக அடித்தார், கோல். 20-ஆவது நிமிடம். அதன் பிறகு ஹம்பர்க் அலையலையாக வந்தது; ஷில்டன் அசையவில்லை. மறுபடியும் 1-0.

அந்த அணியில் மிகச் சிறந்தவர் யார்?

ஜான் ராபர்ட்சன். பலர் ஷில்டன் என்பார்கள். நான் மாற மாட்டேன். கிளஃப் வந்தபோது இந்த ஸ்காட்லாந்துக்காரர் விற்பனைப் பட்டியலில் இருந்தார். உடல் கனத்தவர், வேகமில்லாதவர், சிகரெட்டை விடாதவர். அவரை இடது ஓரத்தில் நிறுத்தி, பந்து கிடைத்தால் முதலில் இவரைப் பார் என்று மற்றவர்களுக்குச் சொல்லிவிட்டார்கள். ஒரு கோப்பைக்கான கோலை எடுத்துக் கொடுத்தவரும் அவரே, மறு கோப்பைக்கான கோலைப் போட்டவரும் அவரே. 1978-இல் லீக் கோப்பை (பெயரில் லீக் இருந்தாலும் இதுவும் எஃப்.ஏ. கோப்பை போன்ற தனிப் போட்டி) இறுதியின் மறு ஆட்டத்தில் லிவர்பூலைத் தோற்கடித்த பெனால்டியும் அவருடையதுதான். இரண்டு ஐரோப்பிய இறுதிகளிலும் தலைவராக இருந்தவர் ஜான் மெக்கவர்ன். அமைதியான அந்த மனிதரையும் வரலாறு போதுமான அளவு பேசவில்லை.

விவ் ஆண்டர்சன் ஏன் முக்கியமானவர்?

1978 நவம்பர் 29-இல் செக்கோஸ்லோவாகியாவுக்கு எதிராக இங்கிலாந்தின் முதன்மை அணிக்கு ஆடிய முதல் கறுப்பின ஆட்டக்காரர் அவர். நாட்டிங்ஹாமிலேயே பிறந்தவர், ஃபாரஸ்டின் வலது தற்காப்பு வீரர். மைதானங்களில் அவர்மீது வாழைப்பழங்களையும் வசைகளையும் எறிந்த காலம் அது. இரண்டு ஐரோப்பிய இறுதிகளிலும் அவர் ஆடினார்.

1984-இல் லஞ்சம் கொடுத்து ஃபாரஸ்டைத் தோற்கடித்தார்கள் என்பது வதந்தியா?

வதந்தி அல்ல. மற்றோர் ஐரோப்பியப் போட்டியான யுஇஎஃப்ஏ கோப்பையின் அரையிறுதியில் பெல்ஜியத்தின் ஆண்டர்லெக்டை ஸ்டீவ் ஹாட்ஜின் இரண்டு கோல்களால் 2-0 என ஃபாரஸ்ட் வென்றது. பிரஸ்ஸல்ஸில் 3-0 எனத் தோற்றது. அங்கே ஆண்டர்லெக்டுக்குக் கிடைத்த பெனால்டியை யாரும் ஏற்கவில்லை. கடைசி நிமிடங்களில் பால் ஹார்ட் தலையால் முட்டிய கோல் ரத்து செய்யப்பட்டது. ஸ்பெயின் நாட்டு நடுவர் குருசேட்டாவுக்கு ஆண்டர்லெக்ட் தலைவர் பணம் கொடுத்திருந்தார் என்பதை 1997-இல் அந்தத் தலைவரின் மகனே ஒப்புக்கொண்டார். அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே நடுவர் கார் விபத்தில் இறந்துவிட்டார். இறுதியாட்டம் ஆடும் வாய்ப்பை அந்த ஆட்டக்காரர்களுக்கு யாராலும் திருப்பித் தர முடியவில்லை.

ஹில்ஸ்பரோ பேரிடரில் எதிரணி ஃபாரஸ்டா?

ஆம். 1989 ஏப்ரல் 15-இல் ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் லிவர்பூலுடன் நடந்த எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி அது. நெரிசலில் 97 லிவர்பூல் ரசிகர்கள் உயிரிழந்தார்கள். 2022 மார்ச்சில் லிவர்பூல் கோப்பை ஆட்டத்துக்கு வந்தபோது சிட்டி கிரவுண்டில் 97 இருக்கைகளைக் காலியாக விட்டிருந்தார்கள்.

இவ்வளவு பெரிய அணி எப்படி விழுந்தது?

கிளஃப் 18 ஆண்டுகள் இருந்தார். 1989, 1990 இரண்டிலும் லீக் கோப்பை. 1978, 1979-ஐயும் சேர்த்தால் நான்கு. அவர் ஒருபோதும் வெல்லாத எஃப்.ஏ. கோப்பை 1991 இறுதியில் டாட்டன்ஹாமிடம் 2-1 எனக் கைநழுவியது. 1993-இல் அவர் விடைபெற்ற பருவத்திலேயே அணி தரமிறங்கியது. ஃபிராங்க் கிளார்க் மீட்டெடுத்தார். 1994-95-இல் மூன்றாம் இடம்கூடக் கிடைத்தது. 1999-இல் மீண்டும் இறக்கம். 2005-இல் மூன்றாம் நிலைக்கே போனது. ஐரோப்பியக் கோப்பை வென்ற ஒரு கிளப் அவ்வளவு கீழே போனது அதுவே முதல் முறை. 2007-இல் மேலே ஏறுவதற்கான பிளே-ஆஃபில் யோவில் டவுனை அவர்கள் ஊரில் 2-0 என வென்றுவிட்டு, சொந்த மைதானத்தில் 5-2 எனத் தோற்ற இரவை எந்த ஃபாரஸ்ட் ரசிகரும் மறக்க மாட்டார். 2008-இல் இரண்டாம் நிலைக்கு ஏறியது.

திரும்பி வந்தது எப்படி?

2021-22 பருவத்தின் முதல் ஏழு ஆட்டங்களில் ஃபாரஸ்ட் பெற்றது ஒரே ஒரு புள்ளி. பயிற்சியாளராக ஸ்டீவ் கூப்பர் வந்தார். மே 29-இல் வெம்பிளியில் நடந்த பிளே-ஆஃப் இறுதியில் ஹடர்ஸ்ஃபீல்டை 1-0 என வென்று மேலே ஏறியது. 2023-24-இல் நிதி விதி மீறலுக்காக நான்கு புள்ளிகள் பறிக்கப்பட்டும் 17-ஆவது இடத்தில் தப்பித்தது. 2024-25 பருவத்தில் நூனோ எஸ்பிரிட்டோ சாண்டோவின் கீழ் பிரைட்டனை 7-0 என வென்றது. ஆன்ஃபீல்டில் 1969-க்குப் பிறகு முதல் லீக் வெற்றி கண்டது. கிறிஸ் வுட் 20 லீக் கோல்கள் போட்டார். ஏழாம் இடத்தில் முடித்து 1995-96-க்குப் பிறகு முதன்முறையாக ஐரோப்பியப் போட்டிக்குத் தகுதி பெற்றது.

மற்ற முக்கியச் சாதனைகள்?

அதிக ஆட்டங்கள்: பாப் மெக்கின்லே, 692. இனி இதை ஒருவர் தாண்டுவார் என்று எனக்குத் தோன்றவில்லை. அதிக கோல்கள்: முதல் உலகப்போருக்கு முன் ஆடிய வேல்ஸ்காரர் கிரென்வில் மாரிஸ், 217. மிகப் பெரிய வெற்றி: 1891 எஃப்.ஏ. கோப்பையில் கிளாப்டனுக்கு எதிராக 14-0. சிட்டி கிரவுண்டில் அதிகக் கூட்டம்: 1967 அக்டோபர் 28, மான்செஸ்டர் யுனைடெட் ஆட்டத்துக்கு 49,946 பேர்.

நாட்டிங்ஹாம் போனால் எதைப் பார்ப்பது?

நகர நடுவில், ஓல்டு மார்க்கெட் சதுக்கத்துக்கு அருகே கிளஃபின் வெண்கலச் சிலை இருக்கிறது. இரு கைகளையும் தலைக்கு மேலே கோத்து, கூட்டத்தை வாழ்த்தும் கோலம். அங்கிருந்து தெற்கே நடந்தால் ட்ரென்ட் பாலம். கிரிக்கெட் பார்ப்பவர்களுக்குப் பழக்கமான ட்ரென்ட் பிரிட்ஜ் மைதானம் பாலத்துக்கு அப்பால் இருக்கிறது; 1880-களின் தொடக்கத்தில் ஃபாரஸ்ட் அங்கேயும் ஆடியது. பாலத்தின் மேல் நின்று ஆற்றைப் பாருங்கள். ஒரு கரையில் மெடோ லேன், மறு கரையில் நீரை ஒட்டிச் சிவப்பாக சிட்டி கிரவுண்ட். சின்னத்தில் மரத்துக்குக் கீழே வரைந்திருக்கும் அலைக்கோடுகள் இந்த ஆறுதான்.